முதல் ஆர்.பி.ஜி. எது? தோற்றால் என்ன போகும் என்று பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விடுமுறைக் கால இணைப்பிதழில், புதியவர்கள் தொடங்குவதற்கு ஏற்ற ஆர்.பி.ஜி. (ஒரு பாத்திரத்தை ஏற்று, படிப்படியாக வளர்த்து ஆடும்) விளையாட்டுகள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தீர்கள். எல்டன் ரிங், பால்டர்ஸ் கேட் 3, பெர்சோனா 5, டிராகன் குவெஸ்ட் 11 எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் நல்ல விளையாட்டு, அதில் மறுப்பில்லை. ஆனால் மிகச் சிறந்தது எது என்பது ஒரு கேள்வி. இந்த வகையையே இதுவரை தொடாதவர் எதில் கை வைக்கலாம் என்பது வேறு கேள்வி. பட்டியலை நம்பி எல்டன் ரிங்கை முதலில் எடுப்பவர், வெளியே வந்ததும் எதிர்ப்படும் தங்கக் கவசக் குதிரைவீரனிடம் திரும்பத் திரும்பச் செத்துவிட்டு, ஆர்.பி.ஜி.யே நமக்குச் சரிப்படாது என்று மூடிவைத்துவிடுவார். அந்த வீரனைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம், பிறகு பலம் சேர்த்துக்கொண்டு வரலாம் என்பது இந்த வகையில் பழகியவருக்குத்தான் தோன்றும்.

எளிது, கடினம் என்ற பிரிப்பு இங்கே போதாது. புதியவர் தவறு செய்யத்தான் செய்வார். மருந்துகளைப் பின்னால் உதவும் என்று சேர்த்துவைத்து, பை நிறைய மருந்தோடு சாவார். வாங்கிய கவசத்தை அணிய மறப்பார். வந்த புள்ளிகளை எல்லாத் திறமைக்கும் சமமாகப் பங்கிட்டு, எதிலும் தேறாத ஆளை உருவாக்குவார். ஆகவே கேட்கவேண்டியவை இரண்டு. தோற்றால் கையைவிட்டு என்ன போகும்? ஏன் தோற்றோம் என்பது திரையைப் பார்த்தே விளங்குமா? இரண்டுக்கும் நல்ல பதில் இருந்தால், விளையாட்டு சற்றுக் கடினமாக இருந்தாலும் பாதகமில்லை.

டிராகன் குவெஸ்ட் வரிசையில், 1986-ல் வந்த முதல் பாகத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. தோற்றால் ஆட்டம் முடிவதில்லை. பாதுகாப்பான இடத்தில் கண்விழிப்பீர்கள். கையிலிருந்த பொன்னில் பாதி போயிருக்கும். சேர்த்த அனுபவப் புள்ளி ஒன்றுகூடக் குறைந்திருக்காது. அதாவது, தோல்விக்கு முன் வென்ற அத்தனை சண்டைக்கும் பலன் நிற்கும். பல பாகங்களில் ஊரில் வங்கி இருக்கிறது. பாஸைத் (ஒரு கட்டத்தின் பெரிய எதிரியைத்) தேடிப் புறப்படும் முன் பொன்னை அதில் போட்டுவிட்டால் அந்தப் பாதி நட்டமும் பெயருக்குத்தான். பழைய ஃபைனல் ஃபேன்டஸி பாகங்கள் இப்படியல்ல. குழு மொத்தமும் விழுந்தால் கடைசியாக சேவ் செய்த (ஆட்டத்தைப் பதிவு செய்த) இடத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். சேவ் செய்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தால் முக்கால் மணி நேரமும் போச்சு. 2016-ல் வந்த பெர்சோனா 5-ல் நால்வர் குழு சண்டையிடும். ஆனால் கதாநாயகன் ஒருவன் விழுந்தால் போதும், மற்ற மூவர் முழு பலத்தோடு நின்றாலும் தோல்விதான். இதை அறியாதவர், காயம்பட்ட தோழருக்கு மருந்து கொடுத்துக்கொண்டே நாயகனைக் கோட்டைவிடுவார். எல்டன் ரிங்கில் ரூன்தான் பணம், லெவல் (பாத்திரத்தின் வளர்ச்சிப் படி) ஏற்றச் செலவிடுவதும் அதுதான். செத்தால் கையிலிருந்தது முழுக்க அங்கேயே கிடக்கும். எடுக்கப் போகும் வழியில் இன்னொரு முறை செத்தால், முதலில் கிடந்தது மறைந்துவிடும். சண்டையின் கடுமையைக் குறைக்கும் மெனுவும் அதில் இல்லை.

சேவ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், புதியவர்கள் அதிகம் இடறுவது அங்கேதான். ஒரே இடத்தில் மேலெழுதி மேலெழுதி சேவ் செய்வது பெரிய ஆபத்து. பாஸ் அறையின் வாசலில், இரண்டே மருந்தோடு, திரும்பிப் போக வழி அடைபட்ட பிறகு அந்த ஒற்றை சேவ் எழுதப்பட்டுவிட்டால், ஆரம்பத்திலிருந்து மீண்டும் ஆடுவதைத் தவிர வேறு வழி சில விளையாட்டுகளில் இல்லை. குறைந்தது மூன்று இடங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். அதில் ஒன்று எப்போதும் ஊருக்குள், கடையும் சத்திரமும் கைக்கெட்டும் தூரத்தில் செய்ததாக இருக்கட்டும். டஞ்சனுக்குள் (எதிரிகள் நிறைந்த குகை, கோட்டை போன்ற இடத்துக்குள்) நுழையும் முன் ஒன்று, பாஸுக்கு முன் ஒன்று. தானாக ஆகும் சேவ் நல்ல உதவி, ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. பால்டர்ஸ் கேட் 3-ல் தானாக சேவ் ஆகும் இடங்கள் குறைவு. கணினியில் ஆடுபவர்கள் ஒவ்வொரு சண்டைக்கும் ஒவ்வொரு முக்கியப் பேச்சுக்கும் முன்னால் எஃப்5 பொத்தானைத் தட்டும் பழக்கத்தை முதல் நாளே வைத்துக்கொள்ள வேண்டும். எஃப்8 அந்த இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும்.

ஏன் தோற்றோம் என்பது விளங்குமா என்ற இரண்டாவது கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1996-ல் வந்த முதல் போகிமான் விளையாட்டுகளில், தொடக்கத்தில் புல், நெருப்பு, நீர் என்ற மூன்று வகைப் போகிமான்களில் (சண்டைக்கு இறக்கும் உயிரினங்களில்) ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் ஜிம்மின் (போகிமான் சண்டைக்கூடத்தின்) தலைவரிடம் இருப்பவை பாறையும் மண்ணும் கலந்த வகை. அவற்றின் மீது புல் அடியும் நீர் அடியும் நான்கு மடங்கு இறங்கும். நெருப்பு அடி பாதிதான் இறங்கும். நெருப்பை எடுத்த சிறுவனுக்கு, தான் கடினமான பாதையில் போகிறோம் என்று யாரும் சொல்வதில்லை. அதே கதையை 2018-ல் லெட்ஸ் கோ பிகாச்சு, லெட்ஸ் கோ ஈவீ என்று புதுப்பித்தபோது, அந்த ஜிம்மின் வாசலிலேயே ஒருவர் நிற்கிறார். புல் அல்லது நீர் வகைப் போகிமான் ஒன்றைக் காட்டினால்தான் உள்ளே விடுவார். தொடக்கத்தில் கையில் கிடைக்கும் பிகாச்சுவின் மின்சார அடி மண் வகையிடம் துளியும் பலிக்காது என்பதால் இந்தத் தடை. அருகிலுள்ள பாதைகளிலேயே புல் வகை கிடைக்கும். பிடித்து வந்து காட்டினால் கதவு திறக்கும். சண்டையின் அடிப்படை விதி, ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் பிள்ளையின் மண்டையில் ஏறிவிடுகிறது. பிள்ளைகளுக்கு முதல் ஆர்.பி.ஜி. எது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பழைய பாகங்களில் சண்டையில் இறங்கிய போகிமானுக்குத்தான் அனுபவம் கிடைக்கும். அதனால் புதியவர்கள் ஒன்றை மட்டும் ஏற்றிவிட்டு, மற்ற ஐந்தையும் அலங்காரத்துக்கு வைத்திருப்பார்கள்; அந்த ஒன்று விழுந்தால் கதை முடிந்தது. லெட்ஸ் கோவில் குழுவில் உள்ள அனைத்துக்கும் அனுபவம் பகிர்ந்து போகும்.

சண்டை முறையைப் பற்றி. முறைவைத்து ஆடும் சண்டை (ஒருவர் அடித்தபின் அடுத்தவர் முறை) என்றால் நிதானமாக யோசிக்கலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அந்தப் பெயரை இப்போது அப்படியே நம்பக்கூடாது. 2025-ல் வந்த கிளேர் அப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33 முறைவைத்து ஆடும் விளையாட்டுதான், ஆனால் எதிரியின் முறை வரும்போது சரியான நொடியில் பொத்தானை அழுத்தி விலக வேண்டும் அல்லது தட்டிவிட வேண்டும். நீங்கள் அடிக்கும்போது வரும் பொத்தான் வேலையைத் தானியங்கியாக மாற்றும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. விலகுவது உங்கள் கைப்பாடு. கைவேகம் இல்லாதவர்கள் குறைந்தபட்சம் கதைக்கான எளிய நிலையில் தொடங்கவேண்டும். 2015-ல் வந்த அண்டர்டேலும் அப்படித்தான். எதிரியைக் கொல்லாமலே முடிக்கலாம் என்று கேள்விப்பட்டு, மென்மையான விளையாட்டு என்று நினைத்து வாங்குபவர்கள், சிறு பெட்டிக்குள் இதயத்தை நகர்த்திக் குண்டுமழையில் தப்பவேண்டும் என்பதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

சூப்பர் மேரியோ ஆர்.பி.ஜி.யிலும் பொத்தான் நேரம் உண்டு. ஆனால் தவறினால் கூடுதல் பலன்தான் போகும், அடி எப்படியும் விழும். 2023-ல் வந்த மறுஆக்கத்தில் ப்ரீஸி என்ற எளிய நிலையும் சேர்த்திருக்கிறார்கள். குரோனோ டிரிகர் (1995) வேறு மாதிரி. நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிரி அடித்துவிடுவான். தொடக்கத்தில் ஆக்டிவ், வெயிட் என்று கேட்கும், வெயிட்டைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் நேரம் நிற்பது திறன்களின் மெனுவையோ பொருள்களின் மெனுவையோ திறந்திருக்கும்போதுதான். முதல் மெனுவில் விரலை வைத்துக்கொண்டு யோசித்தால் அடி விழுந்துகொண்டே இருக்கும். யோசிக்கவேண்டும் என்றால் உள்மெனுவுக்குள் நுழைந்து யோசிக்கவேண்டும். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல், வெயிட் போட்டும் வேலை செய்யவில்லை என்று விட்டுப்போனவர்கள் உண்டு. முழுக்க முழுக்க நிதானம் வேண்டுமென்றால் 2001-ல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 10 பொருத்தமானது. அடுத்து யார், அதற்கடுத்து யார் என்ற வரிசை திரையின் ஓரத்திலேயே தெரியும். மூவர் சண்டையில் இருந்தாலும் வெளியே நிற்பவரை முறை இழக்காமல் உள்ளே கொண்டுவரலாம். தோற்றால் எந்த முறையில் எதைத் தவறாகச் செய்தோம் என்று விரல்விட்டுச் சொல்லிவிடலாம்.

புதியவர்கள் பாஸிடம் தோற்பதற்குப் பெரும்பாலும் லெவல் குறைவு என்று காரணம் சொல்வார்கள். உடனே காட்டுக்குள் போய் மணிக்கணக்கில் சில்லறை எதிரிகளை அடித்து லெவல் ஏற்றுவார்கள். சலித்துப் போவதும் அங்கேதான். கணக்கைக் கிட்டத்தில் பாருங்கள். டிராகன் குவெஸ்ட் வரிசையின் பல பாகங்களில் வாள் அடியின் அடிப்படை இது: உங்கள் தாக்குதல் எண்ணில் பாதி, அதிலிருந்து எதிரியின் தற்காப்பு எண்ணில் கால் பங்கு கழியும், சற்று ஏறி இறங்கும். தாக்குதல் 100, பாஸின் தற்காப்பு 120 என்று வையுங்கள். 50-ல் 30 போக 20. நால்வரும் அதே பலத்தோடு அடித்தால் ஒரு சுற்றுக்கு 80. இப்போது ஒருவர் அடிப்பதை விட்டுவிட்டு, தற்காப்பைக் குறைக்கும் மந்திரம் போடுகிறார். 120 என்பது 60 ஆகிவிட்டது என்றால், 50-ல் 15 போக 35. நால்வருக்கும் சேர்த்து 140. மந்திரத்துக்காக விட்டுக்கொடுத்தது ஒரே ஓர் அடி, 20 புள்ளி. அடுத்த சுற்றிலேயே 60 புள்ளி கூடுதலாக வந்துவிட்டது. புதியவர் இந்த மந்திரத்தைத் தொடுவதே இல்லை, ஏனென்றால் போட்டவுடன் எந்த எண்ணும் எதிரியின் தலைக்கு மேல் குதிப்பதில்லை. போதாக்குறைக்கு, பாஸிடம் இதெல்லாம் பலிக்காது என்று ஒரு நினைப்பு. வேறு சில வரிசைகளில் அது உண்மை. டிராகன் குவெஸ்டில் பல பாஸ்களிடம் பலிக்கும்.

அதே கணக்கில் ஆயுதத்தையும் பார்க்கலாம். புது வாளால் தாக்குதல் 100-லிருந்து 120 ஆனால், அடி 20-லிருந்து 30 ஆகிறது. எண்ணில் ஐந்தில் ஒரு பங்கு ஏறியதற்கு அடியில் பாதி ஏறிவிட்டது. ஆகவே புது ஊருக்கு வந்ததும் முதலில் ஆயுதக் கடை. வாங்கியபின் மெனுவைத் திறந்து, அது உண்மையிலேயே கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பைக்குள் கிடக்கும் வாள் யாரையும் வெட்டாது. டிராகன் குவெஸ்ட் 11-ல் தோழர்கள் தாமாகவே சண்டையிடுவார்கள். சில்லறைச் சண்டைகளுக்கு அது போதும், நேரமும் மிச்சம். பாஸ் சண்டையில் மட்டும் அவர்களின் உத்தியை உங்கள் ஆணைப்படி என்று மாற்றிக்கொண்டால், மேலே சொன்ன கணக்கை நீங்களே நடத்தலாம்.

அடுத்தது, திருத்த முடியாத தேர்வுகள். பாத்திரத்தை வளர்க்கும் வழி எவ்வளவு அகலமாக இருக்கிறதோ அவ்வளவு தப்பு செய்யவும் இடமுண்டு. ஃபைனல் ஃபேன்டஸி 10-ன் பல பதிப்புகளில் வளர்ச்சிப் பலகையை ஸ்டாண்டர்டா எக்ஸ்பர்டா என்று கேட்கும். ஸ்டாண்டர்டில் ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய ஒரே நேர்வழி, கெடுத்துக்கொள்ள முடியாது. முதல் முறை அதுவே போதும். ஸ்கைரிமில் (2011) நிலைமை தலைகீழ். எதைச் செய்கிறீர்களோ அந்தத் திறமை ஏறும், திறமைகள் ஏற ஏற லெவல் ஏறும், உங்கள் லெவலுக்கு ஏற்ப எதிரிகளும் பெரும்பாலும் ஏறுவார்கள். புதியவர் கொல்லன் பட்டறையில் உட்கார்ந்து கத்தியாக அடித்துத் தள்ளுவார், வியாபாரம் பேசுவார், லெவல் விறுவிறுவென்று ஏறும். வெளியே வந்தால் கொள்ளைக்காரன் பலமாகிவிட்டிருப்பான், இவருடைய வாள் திறமை மட்டும் முதல் நாளில் இருந்த இடத்திலேயே இருக்கும். லெவல் ஏறியும் ஏன் தோற்கிறோம் என்று புரியாது. தொடக்கத்தில் ஒரே ஆயுதம், ஒரே கவச வகை என்று இறுக்கிப் பிடியுங்கள். முதல் ஊருக்குப் போகும் வழியில் மூன்று கற்கள் நிற்கும். வீரன், மந்திரவாதி, திருடன். தொட்டால் அந்தந்த வகைத் திறமைகள் 20 சதவீதம் வேகமாக ஏறும். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அதிகம் யோசிக்க வேண்டாம்.

பால்டர்ஸ் கேட் 3 (2023) பற்றி எனக்கு இரண்டு மனம். டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற மேசைப் பகடை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளில் நடக்கும் விளையாட்டு. பகடை என்ன விழுந்தது, எதைக் கூட்டினார்கள் என்று திரையிலேயே காட்டிவிடும். அந்த வகையில் இரண்டாவது கேள்விக்கு இதைவிட நேர்மையான பதில் கிடைப்பது அரிது. ஆனால் மிகக் கடினமான பகுதி தொடக்கத்திலேயே இருக்கிறது. முதல் லெவலில் ஃபைட்டருக்கு (போர்வீரன்) 10, விசார்டுக்கு (மந்திரவாதி) 6 உயிர்ப் புள்ளி. உடல்வலிமைக்கான கூட்டல் இரண்டோ மூன்றோ சேரும். ஓர் அம்பு நன்றாகப் பட்டால் விசார்ட் தரையில். அதனால் முதல் பாத்திரத்தை ஃபைட்டர், பார்பேரியன் போன்ற எளிய வகையில் எடுங்கள். மூன்றாம் லெவல் வரும்வரை சண்டையைத் தேடிப் போகாதீர்கள். புது இடங்களைக் கண்டுபிடித்தாலும், பேசி முடித்தாலும் அனுபவம் கிடைக்கும். முக்கியத் திறனை முடிந்தவரை உயர்த்துங்கள். திறன் எண் 10 என்றால் கூட்டல் எதுவுமில்லை, 16 என்றால் 3. இருபது முகப் பகடையில் ஒவ்வொரு 1-க்கும் 5 சதவீதம் என்பதால் வித்தியாசம் 15 சதவீதம். 70 சதவீத வாய்ப்புள்ள அடி அடுத்தடுத்து இரண்டு முறை தவறுவதற்கு 9 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அது நடக்கும்போது விளையாட்டு ஏமாற்றுகிறது என்று கோபப்படாமல், அட்வான்டேஜ் கிடைக்கும் வழியைத் தேடவேண்டும். இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்வதால் 70 என்பது 91 ஆகிவிடும். தப்பான வகையை எடுத்துவிட்டதாகத் தோன்றினால் விதர்ஸ் என்ற பாத்திரம் 100 பொன்னுக்கு எல்லாவற்றையும் மாற்றித் தருவார். அவர் முதல் பகுதியின் கல்லறைக்குள் இருக்கிறார். அங்கே தவறவிட்டாலும் பிறகு முகாமுக்கு வந்துவிடுவார். எக்ஸ்ப்ளோரர் என்ற எளிய நிலையில், இத்தனையையும் தெரிந்துகொண்டு இறங்கினால் நல்லது. ஒன்றும் தெரியாமல், பிறர் புகழ்ந்தார்கள் என்று மட்டும் இறங்கினால் ஆட்டம் தொடங்கும் கடற்கரையைத் தாண்ட மாட்டார்கள்.

கடின நிலை பற்றி ஒரு வார்த்தை. அதைக் குறைப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. அது என்ன செய்கிறது என்று தெரிந்து குறைப்பதுதான் முக்கியம். ஸ்கைரிமில் அது வெறும் பெருக்கல். நாவிஸ் நிலையில் நீங்கள் கொடுக்கும் அடி இரட்டிப்பு, வாங்கும் அடி பாதி. லெஜெண்டரியில் கொடுப்பது கால் பங்கு, வாங்குவது மூன்று மடங்கு. எதிரிகள் புத்திசாலிகள் ஆவதில்லை, சாக நேரமாகிறது, அவ்வளவுதான். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தி விட்சர் 3-ன் (2015) கீழ் இரு நிலைகளிலும் தியானம் செய்தால் உயிர் நிரம்பும். மேல் நிலைகளில் நிரம்பாது, உணவும் மருந்தும் தேடவேண்டும். பெர்சோனா 5-ல் சேஃப் என்ற மிக எளிய நிலையை எடுத்துவிட்டால் கடைசிவரை அதுதான். 2024-ல் வந்த டிராகன் குவெஸ்ட் 3 மறுஆக்கத்தில், எளிய நிலையில் உயிர் 1-க்குக் கீழே இறங்கவே இறங்காது. சாகவே முடியாத விளையாட்டில் மேலே சொன்ன கணக்கெல்லாம் மனதில் பதியாது என்பது என் கருத்து. பொதுவாக நடுநிலையில் தொடங்கி, ஒரே பாஸிடம் இரண்டு மூன்று முறை தோற்றபின் குறைத்துக்கொள்ளலாம்.

பழைய புகழ்பெற்ற பாகங்களை மூல வடிவிலேயே ஆடவேண்டும் என்று ஒரு சாரார் வற்புறுத்துகிறார்கள். புதியவருக்கு அது தண்டனை. முதல் டிராகன் குவெஸ்டில் படிக்கட்டில் இறங்கவே மெனுவைத் திறந்து 'படி' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 1987-ன் ஃபைனல் ஃபேன்டஸியில் இருவர் ஒரே எதிரியைக் குறிவைத்து, முதலாமவர் அதைக் கொன்றுவிட்டால், இரண்டாமவர் வெறும் காற்றை வெட்டுவார். ஃபைனல் ஃபேன்டஸியின் முதல் ஆறு பாகங்களும் பிக்சல் ரீமாஸ்டர் என்ற பெயரில் வந்திருக்கின்றன. இந்தக் குறைகள் அதில் இல்லை. கன்சோல் பதிப்புகளில் எதிரிகள் குறுக்கிடுவதையே நிறுத்திவைக்கலாம், அனுபவத்தை நான்கு மடங்குவரை கூட்டலாம். நிறுத்திவைத்ததை மறந்து டஞ்சனின் அடிவரை போய்விட்டால், பாஸின் முன் லெவல் போதாமல் நிற்பீர்கள். வழி தெரியாமல் சுற்றும்போது மட்டும் நிறுத்துங்கள்.

நீளமும் முக்கியம். சூப்பர் மேரியோ ஆர்.பி.ஜி. சுமார் 12 மணி நேரம். குரோனோ டிரிகர் 20 முதல் 25. விட்சர் 3-ன் முதன்மைக் கதை மட்டும் 50 மணி நேரத்தை ஒட்டிவரும். பெர்சோனா 5 நூறைத் தொடும். நீண்ட விளையாட்டில் இரண்டு வாரம் இடைவெளி விழுந்தால், எங்கே போகவேண்டும், எந்தப் பொத்தான் எதற்கு என்பதே மறந்துவிடும். திரும்பத் தொடங்கத் தோன்றாது. டிராகன் குவெஸ்ட் 11 நீளமானதுதான், ஆனால் சேவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இதுவரை நடந்த கதையைச் சுருக்கிச் சொல்லிவிடும். அந்த ஒரு வசதிக்காகவே நீண்ட விளையாட்டுகளில் அதற்கு விதிவிலக்கு தருவேன்.

இலவசம் என்பதால் கைபேசி ஆர்.பி.ஜி.யில் தொடங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கென்ஷின் இம்பேக்ட் (2020) பார்க்க அழகானது, ஆடவும் நன்றாகவே இருக்கும். ஆனால் புதுப் பாத்திரங்கள் பெரும்பாலும் குலுக்கலில்தான் வரும். ஐந்து நட்சத்திரப் பாத்திரத்துக்கு ஒரு குலுக்கலில் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். 90 குலுக்கலுக்குள் ஒன்று நிச்சயம். ஆனால் அது நீங்கள் விரும்பியதாக இல்லாமல் போகலாம், அப்போது அடுத்த 90-க்குள் நிச்சயம். ஒரு குலுக்கலுக்கு 160 ப்ரிமோஜெம் (விளையாட்டுக்குள் புழங்கும் நாணயம்). மோசமான நிலையில் 180 குலுக்கல், 28,800 ப்ரிமோஜெம். பிள்ளையின் கைபேசியில் பணம் செலுத்தும் வழியை அடைத்துவிட்டுக் கொடுப்பதானால் சரி. ஆனால் சண்டையில் தோற்றதற்குக் காரணம் தன் தவறா, கிடைக்காத பாத்திரமா என்று புதியவருக்கு எந்நாளும் சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும்.

வாங்கும் முன் செய்யவேண்டிய சோதனைகள் சில. டிராகன் குவெஸ்ட் 11 எஸ் பதிப்புக்கு சுமார் 10 மணி நேரம் ஆடக்கூடிய இலவச முன்னோட்டம் இருக்கிறது. ஆக்டோபாத் டிராவலருக்கு 3 மணி நேரம். இரண்டிலும் சேவ் முழு விளையாட்டுக்கு வந்துவிடும். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பொதுவாகப் பணம் திரும்பக் கிடைக்கும். ஆர்.பி.ஜி.யின் கதை சூடுபிடிக்க இரண்டு மணி நேரம் போதாது. ஆனால் எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா, படித்து முடிக்கும் முன் ஓடிவிடுகிறதா, கணினி திணறுகிறதா என்று பார்க்கப் போதும். அதை முதல் அரைமணியிலேயே பார்த்துவிடுங்கள். பால்டர்ஸ் கேட் 3 மட்டும் 150 ஜிபி இடம் கேட்கும், அதுவும் எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகத்தில். வயது முத்திரையையும் பாருங்கள். பால்டர்ஸ் கேட் 3-ம் விட்சர் 3-ம் வயதுவந்தோருக்கானவை. உங்கள் பட்டியலில் அந்தக் குறிப்பே இல்லை.

பெரியவர்களுக்கு என் தேர்வு டிராகன் குவெஸ்ட் 11 எஸ், நேரம் குறைவென்றால் சூப்பர் மேரியோ ஆர்.பி.ஜி. மறுஆக்கம், திறந்த உலகில் அலையத்தான் ஆசை என்றால் நாவிஸ் நிலையில் ஸ்கைரிம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதட்டும். அடுத்த முறை இப்படியொரு பட்டியல் போடும்போது ஒவ்வொரு பெயருக்கும் கீழே, தோற்றால் எங்கே திரும்புவோம், கடின நிலையை நடுவில் மாற்றலாமா, பொத்தான் நேரம் உண்டா, எத்தனை மணி நேரம் என்று நான்கு குறிப்பு கொடுங்கள். இடம் போதவில்லை என்றால் டிராகன் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்